பிட்சர் இடத்தில் எழுதியிருந்த பெயர்

எங்கள் செக்‌ஷனில் படிவம் என்றால் அக்காதான். விடுப்பு விண்ணப்பம், மருத்துவமனைச் சீட்டு, காப்பீட்டில் வாரிசு நியமனம் என்று எந்தத் தாள் வந்தாலும் அது முதலில் அவர் கைக்குப் போகும். அவர் பென்சிலால் டிக் அடித்துக் கொடுக்கும் இடத்தில் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். மீதியை மதிய இடைவேளையில் உட்கார்ந்து ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ அவரே நிரப்பிவிடுவார். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். அக்கா எழுதியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் பட்டம் பெற்றவள், என் படிவத்தை நானே எழுதத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டுவதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பதினைந்து பெண்கள் அப்படித்தான் செய்தோம்.

பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலை. தொலைபேசி இணைப்பகங்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தோம். நானும் அக்காவும் அடுத்தடுத்த நாற்காலியில். மெல்லிய வயர்களை வரிசையாக அடுக்கி, மெழுகு தடவிய நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டுவது எங்கள் வேலை. அவர் எனக்கு உறவு இல்லை. நான்கு வயது மூத்தவர், ஜோகுபாளையத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருந்தது. நான் கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்தவள். என் கன்னடத்தில் மூன்றாவது சொல்லிலேயே தமிழ் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது ஒருநாள் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலிலிருந்து வீடு வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தார். "நீ வாயத் தொறக்காதே. யார் என்ன கேட்டாலும் நான் பேசிக்கிறேன்" என்றார். வழியில் இரண்டு இடத்தில் கும்பல் மறித்தது. அக்கா கன்னடத்தில் அவர்களைத் திட்டவே செய்தார். வீட்டுக்குப் போகும் பொம்பளைகளை நிறுத்துகிறீர்களே, உங்கள் வீட்டில் யாரும் இல்லையா என்று. வழி விட்டார்கள். அதன்பிறகு அக்கா ஒன்றைச் சொன்னால் நான் ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே வயதில் ஒவ்வொரு பெண். இருவரும் சாஃப்ட்பால் விளையாடினார்கள். பேஸ்பாலின் தங்கை என்று அதைச் சொல்லலாம். பந்து கொஞ்சம் பெரியது, கையை ராட்டினம்போல் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து எறிவார்கள். எறிகிறவள் பிட்சர். மட்டை வைத்திருப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள் கேட்சர். என் மகள் பிட்சர், அக்காவின் மகள் கேட்சர். அல்சூர்ப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் வாரத்துக்கு நான்கு மாலை பயிற்சி. ஆறு வருஷம் என் மகள் எறிந்ததை அந்தப் பெண்தான் பிடித்தாள். எந்தப் பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை என் மகளின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அவர்கள் இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும்போதுதான் அந்தக் கூப்பன் வந்தது. ஒரு மாலைப் பத்திரிகை நகரத்துச் சாஃப்ட்பால் பெண்களிலிருந்து 'வாசகர்களின் ஒன்பது பேர்' என்று ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கப் போவதாக அறிவித்தது. அந்த அணி மாநில அணியோடு ஒரு ஆட்டம் ஆடும். மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைக்கு வந்து பார்ப்பார்கள். பத்திரிகையில் அச்சிட்ட கூப்பனில் ஒன்பது இடத்துக்கும் ஒன்பது கோடு. கீழே வாக்களிப்பவரின் பெயர், முகவரி, கையெழுத்து. ஜெராக்ஸ் செல்லாது.

பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த கோச் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். "இது அமெரிக்கா ஐடியா மேடம். அங்க பேஸ்பால் ஸ்டார் டீமுக்கு ஜனங்கதான் ஓட்டுப் போடுவாங்க. ஒரு தடவ ஒரே ஊர்க்காரங்க பொட்டி பொட்டியா ஓட்டப் போட்டு கிட்டத்தட்ட டீம் முழுக்க அவங்க ஆளுங்களையே ஏத்திட்டாங்க. பெரிய கலாட்டா ஆயித்து. ரொம்ப வருஷம் ஜனங்களுக்கு ஓட்டே கொடுக்கல."

"அப்போ நாமளும் பொட்டி பொட்டியா போட்டுடலாம் சார்" என்றார் அக்கா.

"போடுங்க. நான் கோச். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. என் மகளுக்கு இரண்டு முறை மாநிலத் தேர்வில் இடம் கிடைக்காமல் போயிருந்தது. முதல் முறை காய்ச்சல். இரண்டாம் முறை, ஆள் எடுக்க வந்தவர் அவள் எறியத் தொடங்கும் முன்பே தேநீர் குடிக்கப் போய்விட்டார். அடுத்த வருஷம் அவளுக்கு அந்த வயதுப் பிரிவு முடிந்துவிடும். இந்த ஒரு ஆட்டத்தில் அவள் நின்று எறிந்தால் போதும், பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அதையே நினைத்தேன். அரிசி களையும்போதும் அதுதான்.

நானும் அக்காவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நம் பக்கத்து ஓட்டு எல்லாவற்றிலும் பிட்சர் என் மகள், கேட்சர் அக்காவின் மகள். மற்ற ஏழு இடத்துக்கு எங்கள் மைதானத்துப் பெண்கள். செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய்க் கேட்டோம். கேன்டீனில் கேட்டோம். எங்கள் தெருச் சலூன்காரர் தன் கடைக்கு வந்த பத்திரிகைகளில் எல்லாம் ஜன்னல்போல் ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நீலசந்திராவில் இருந்த என் கணவரின் தம்பி அவர் தெருவில் இருபது வாங்கிவந்தார். முன்னூறுக்கு மேல் சேர்ந்தது.

எல்லாரிடமும் கீழே பெயர், முகவரி, கையெழுத்து மட்டும்தான் வாங்கினோம். ஒன்பது கோட்டையும் காலியாக விட்டோம். "ஆளுக்கு ஒரு மாதிரி கிறுக்குவாங்க, ஸ்பெல்லிங் தப்பா இருந்தா தள்ளிடுவாங்க. நான் ஒரே கையா எழுதிடறேன்" என்றார் அக்கா. அதில் யாருக்கும் எதுவும் தவறாகத் தோன்றவில்லை. எங்கள் செக்‌ஷனில் எல்லாத் தாளும் அப்படித்தான் போகும்.

வீட்டில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். மகளிடமும் நீட்டினேன். அவள் பேனாவை எடுத்தவள், "பிட்சர்ல என் பேரை நானே எழுதிக்கட்டா?" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது, சிரித்தாள்.

"சீ, உன் பேரை நீயே எழுதிக்குவியா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? கையெழுத்துப் போடு போதும். பெரியம்மா எழுதிடுவாங்க."

"என் ஓட்டுதானேம்மா?"

"போடுடி."

போட்டாள். அப்போதுதான் கையெழுத்துப் போடப் பழகியிருந்தாள். கடைசி எழுத்திலிருந்து ஒரு நீள வால் இழுத்து அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பாள்.

ஒரு வாரத்தில் அக்கா எல்லாவற்றையும் எழுதி முடித்தார். ஐம்பது ஐம்பதாக அடுக்கி, எங்கள் மெழுகு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, வேலை செய்யும் இடத்திலேயே முடிச்சுப் போட்டார். இருவருமாகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனோம். பஸ்ஸில் அந்தக் கட்டுகளை நான்தான் மடியில் வைத்திருந்தேன். அக்கா என்றைக்கும்போல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தன் மைத்துனி வீட்டு நாய் யாரையோ கடித்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. கேட்சர் இடத்தில் அக்காவின் மகள், இரண்டாமவளைவிட மிகப் பெரிய வித்தியாசத்தில். பிட்சர் இடத்தில் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் படிக்கும் பெண். என் மகள் பெயர் அந்தப் பத்தியிலேயே இல்லை.

முன்னூறு கூப்பன் எங்கே போயிற்று? மற்ற மைதானங்களிலும் சலசலப்பு இருந்தது. மல்லேஸ்வரத்துக் கல்லூரியில் மூட்டை மூட்டையாகக் கள்ள ஓட்டுப் போட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான்தான் புகார் எழுதினேன். அந்தத் தொழிற்சாலைக்கு வந்தபின் முதல்முறையாக ஒரு தாளை நானே முழுதாக எழுதி, ஒன்பது பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். அக்கா மட்டும் போடவில்லை.

"விடும்மா. போனாப் போவுது. புள்ளைங்க வெளயாட்டு. நீ ஏன் இவ்ளோ டென்ஷன் பண்ணிக்கிறே?"

"உங்க பொண்ணு வந்துட்டா. நீங்க சொல்லலாம்."

சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து அன்று சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, காபி கலந்து கொடுத்தார்.

புகார்கள் பெருகவே, பத்திரிகைக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். கூப்பன்களை எல்லாம் சாக்குகளில் போட்டு அலுவலகக் கூடத்தில் வைத்து, சந்தேகம் இருப்பவர்கள் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நான் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வர மாட்டேன் என்றாள். நான்தான், உனக்கு நடந்த அநியாயத்தை நீ பார்க்க வேண்டாமா என்று இழுத்துப் போனேன்.

கூடத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் கடலை. "நோடம்மா, எல்லா இல்லே இதே" என்று சாக்குகளைக் காட்டினார். எல்லாம் இங்கேதான் இருக்கிறது, தேடிக்கொள் என்ற தோரணை.

எங்கள் கட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மற்றவை ரப்பர் பேண்டிலும் சணலிலும் இருந்தன. மெழுகு நூல் முடிச்சு எங்களுடையது மட்டும்தான். எண்ணிவிட்டு மறுபடி அதே நூலால் யாரோ சுற்றி வைத்திருந்தார்கள். அவிழ்த்தேன். முதல் கூப்பன் சலூன்காரருடையது. அக்காவின் முத்து முத்தான எழுத்து. கேட்சர் இடத்தில் அக்காவின் மகள். பிட்சர் இடத்தில் மல்லேஸ்வரத்துப் பெண்ணின் பெயர்.

எதுவோ தவறுதலாக ஒன்று என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே பெயர். என் மைத்துனருடையது, கேன்டீன் சமையல்காரருடையது, என் கணவருடையது. என்னுடையது. ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல்கூட இல்லாமல். நான் வேகமாகப் புரட்டினேன். என் மகள் என் கையிலிருந்து ஒன்றை மெதுவாக உருவினாள். கீழே நீள வாலும் இரண்டு புள்ளியும் இருந்தன.

நான் குமாஸ்தாவிடம் போய்க் கத்தினேன். இதெல்லாம் மோசடி, நாங்கள் இந்தப் பெயரை எழுதவில்லை, வேறு ஒருவர் எழுதியது என்று தமிழும் கன்னடமும் ஆங்கிலமுமாக ஏதேதோ சொன்னேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, என் கூப்பனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சைன் உங்களுதா?"

"ஆமாம்."

"யாராவது மெரட்டி வாங்கினாங்களா?"

"இல்ல."

"அப்போ ஓட்டும் உங்களுதுதான் மேடம்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். டிரினிட்டி சர்க்கிள் தாண்டியதும் மகள் வாயைத் திறந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் எழுதறேன்னு சொன்னேம்மா."

பிறகு கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா எனக்கு முன்பே வந்து வயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சாக்கிலிருந்து எடுத்துவந்த என் கூப்பனை அவர் முன்னால் வைத்தேன். எடுத்துவரலாமா கூடாதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அக்கா அதைப் பார்த்தார். நூலைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணோட அம்மா ஃபோன் பண்ணாங்க" என்றார். "அவங்க காலேஜ்ல கேட்சருக்குச் சரியான ஆள் இல்ல. நம்ம கூப்பன்ல பிட்சர் அவங்க பொண்ணு, அவங்க கூப்பன்ல கேட்சர் என் பொண்ணு. அப்படிப் பேசினோம்."

"என் பொண்ணு?"

"கேளு. அவங்ககிட்ட ஆயிரக்கணக்குல இருந்துது. நம்ம முன்னூறு எந்த மூலைக்கு? உன் பொண்ணு எப்படியும் வந்திருக்க மாட்டா. ரெண்டு பேரும் போகாம இருக்கறதுக்கு ஒருத்தியாவது போகட்டும்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். தோற்றால் இருவரும் சேர்ந்து தோற்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விட்டார். முன்னூறு ஓட்டு பற்றி அவர் சொன்ன கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். அவர் செய்ததில் புத்தி இருந்தது. அந்தப் புத்திதான் என்னால் தாங்க முடியாதது.

"அவ கூப்பனை மட்டுமாவது தனியா எடுத்து வச்சிருக்கலாமே அக்கா. அவ கையெழுத்துப் போட்டதுல அவளுக்கு எதிரா எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?"

முதல்முறையாக அவரை 'உனக்கு' என்றேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யார் கையெழுத்துன்னு பாக்கலம்மா" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "எல்லாத்தையும் வரிசையா எழுதிட்டே போனேன். கீழ பாக்கவே இல்ல."

பார்த்து எழுதியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். பார்க்கவில்லை என்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று முழுவதும் நான் கட்டிய முடிச்சுகளை மேற்பார்வையாளர் இரண்டு முறை அவிழ்க்கச் சொன்னார். சாயந்தரமே இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். பத்து நாளில் வேறு செக்‌ஷன் கிடைத்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை தொழிற்சாலை பஸ்ஸில் நான் முன்பக்கம், அவர் பின்பக்கம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை எங்கள் வீட்டுக்கு அக்காவின் மகள் வந்தாள். கையில் கேட்சர் கையுறை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது.

"ஆன்ட்டி, எனக்கு எதுவும் தெரியாது. சத்தியமா."

நான் கதவைத் திறந்து விடவும் இல்லை, மூடவும் இல்லை. உள்ளிருந்து என் மகள் வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த மல்லேஸ்வரத்துப் பொண்ணு பந்தை நான் ஒரு தடவகூடப் பிடிச்சதில்லடி" என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு எல்லாத்தையும் விட்டுடுவேன்."

"அவ ரைஸ் பால் ரொம்பப் போடுவா" என்றாள் என் மகள். "கை காதை ஒரசிட்டு வரும். அப்போ பந்து மேல எகிறும், நீ சீக்கிரம் எழுந்திருக்கணும்." பிறகு உள்ளே போய்த் தன் ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள்.

தெருவில் முக்கால் மணி நேரம் எறிந்தாள். நான் மாடிப் படியில் நின்று பார்த்தேன். அது அவள் எறியும் விதமே இல்லை. காலை அகல வைத்து, முழங்கையை மடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்த மல்லேஸ்வரத்துப் பெண் எறிவதை அப்படியே எறிந்துகாட்டினாள். எத்தனை நாள் அந்தப் பெண்ணைக் கவனித்திருந்தால் இவ்வளவு துல்லியமாக வரும்! முதல் நான்கைந்து பந்து சாக்கடை வரை உருண்டது. பிறகு உறைக்குள் டப் டப்பென்று விழத் தொடங்கியது. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் தன் வண்டியைத் தள்ளி நிறுத்தி இடம் விட்டார்.

எனக்கு அவளை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் போலிருந்தது. யாருக்காக எறிகிறாள்? எந்த ஏமாற்றுக்கு மெருகு ஏற்றுகிறாள்?

"போதும் மேல வா" என்று கூப்பிட்டேன்.

"இன்னும் பத்து" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

அக்காவின் மகளிடம் அவளுக்குக் கோபமே இல்லை. அக்காவிடம்கூட, பார்த்தால் ஒரு தலையசைப்பு அசைப்பாள் என்று பின்னால் தெரிந்தது. நம்பியவர் ஏமாற்றினார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் நம்பியது என்னை.

ஆட்டத்துக்கு அவள் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துது" என்றாள். மல்லேஸ்வரத்துப் பெண் மிக நன்றாக எறிந்ததாகவும் கேட்சர் ஒரு பந்தைக்கூட விடவில்லை என்றும் அந்தப் பத்திரிகையில்தான் படித்தேன். இருவரும் மாநில முகாமுக்குப் போனார்கள்.

என் மகள் விளையாட்டை விடவில்லை. கல்லூரியில் மூன்று வருஷம் எறிந்தாள். எந்த நாள், எந்த மைதானம், யாரோடு என்று என்னிடம் ஒரு முறையும் சொன்னதில்லை. நானும் கேட்கும் தைரியத்தை இழந்திருந்தேன். துவைக்கப் போட்ட அவள் சாக்ஸில் செம்மண் அப்பியிருந்தால் அன்றைக்கு ஆட்டம் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். சோப்புப் போட்டு இரண்டு கையாலும் கசக்குவேன், வாளித் தண்ணீர் சிவக்கும். ஜெயித்தாளா என்று தெரியாமலே அலசிக் கொடியில் போடுவேன்.